செலக்டர் சொன்ன எட்டு

கோதண்டராமன் இருபத்தாறு வருடம் ஆம்பூரில் தோல் தரம் பிரித்தார். அத்தனை வருடத்தில், போட்ட எண்ணை ஒருமுறைகூட அழித்து வேறு எண் எழுதியதில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்வார். அவரோடு வேலை பார்த்தவர்கள் இதையே அவரைத் திட்டும்போது சொல்வார்கள்.

சொந்த ஊர் மாதனூர், குடியிருப்பு ஆம்பூரிலேயே. பத்தாவது முடித்ததும் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேசை மேல் தோல் விரித்துப் போடும் ஆளாகச் சேர்ந்து, ஐந்தாறு வருடத்தில் செலக்டர் ஆனார். டிரம்மில் ஊறிப் பதப்பட்டு, வெளிர்நீலமாக, ஈரம் சொட்டச் சொட்ட வரும் தோல்களை ஒவ்வொன்றாக விரிப்பார்கள். செலக்டர் மேசை முன்னால் நிற்பார். உட்கார்ந்தால் வெளிச்சத்தில் கீறல் தெரியாது என்பதால் அந்த வேலைக்கு நாற்காலியே கிடையாது. உள்ளங்கையால் ஒரு தடவல், கழுத்திலிருந்து வால்வரை ஒரு பார்வை. உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, முள்கம்பி கிழித்த கோடு எல்லாம் ஐந்தாறு விநாடியில் கணக்காகி, மூலையில் சாக்கட்டியால் ஓர் எண் விழும். ஒன்று என்றால் உயர்ந்த ரகம். ஆறு என்றால் செருப்புக்கு உள்ளே ஒட்டும் லைனிங்குக்குத்தான் ஆகும். ஏழு, ரிஜெக்ட்.

ஏழு போடுவதற்கு அவர் ஓர் அளவு வைத்திருந்தார். "ஒரு சாண் துண்டு வெட்ட வருதா? அப்போ அது ஏழு இல்ல. ஏழுன்னா குப்பைக்குப் போறது." மற்றவர்கள் பார்த்ததும் ஒதுக்கிய தோலை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆறு போடுவார். கடைசி எண்ணை அவ்வளவு சுலபமாக யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்.

மேசையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பஜாரில் தக்காளிக்கு எண் போடுவார். மைத்துனன் கட்டிய வீட்டின் புதுமனைப் புகுவிழாவில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே "அஞ்சு" என்றார். மகள் ஷர்மிளாவைப் பெண் பார்க்க வந்த வாணியம்பாடிக் குடும்பம் எழுந்து வெளியே போனதும், "பையன் நாலு, அப்பன் ஆறு" என்றார். அவர்கள் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கல்யாணம் நடந்தது. மகள் அவரோடு பேசுவது நின்றது.

வேலை போனதும் ஓர் எண்ணால்தான். ஆயிரத்து நூறு ஆட்டுத்தோல் கொண்ட ஒரு லாட். முக்கால்வாசிக்கு அவர் ஐந்து போட்டார். ஆர்டருக்கு வேண்டியது நாலு. புரொடக்‌ஷன் மேனேஜர் செல்வகுமார் மேசைக்கே வந்தார்.

"கோதண்டம், அஞ்சை எல்லாம் நாலாக்கு. சரக்கு வாங்குற பையரோட ஆள் வியாழக்கிழமை வர்றான்."

"தோலை மாத்து. நம்பரை மாத்துறேன்."

செல்வகுமார் வேறு ஆட்களை விட்டு ஈரத்துணியால் அழித்து நாலு எழுத வைத்தார். சரக்கு கப்பல் ஏறி, இரண்டு மாதத்தில் புகாரோடு திரும்பி வந்தது. இப்போது யாராவது ஒருவர் பழியை ஏற்றாக வேண்டும். 'தரம் பிரித்ததில் என் பக்கம் தவறு நேர்ந்துவிட்டது' என்று டைப் அடித்த காகிதத்தை நீட்டினார் செல்வகுமார். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். கோதண்டராமன் அதைக் கடைசி வரி வரை படித்தார். சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக் காகிதத்தின் மூலையில் ஏழு என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கே கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு துத்திப்பட்டிலும் பேரணாம்பட்டிலும் அவரைச் செலக்டராக எடுக்க ஆளில்லை. சின்ன டேனரி ஒன்றில் ஈரத்தோல் தூக்கும் வேலைக்குப் போனார். ஐம்பது வயதில், சுண்ணாம்பு நீர் தேங்கிய தரையில் வழுக்கி, தோல் கட்டோடு மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது. அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு சரியானது, வலி போகவில்லை. இடது இடுப்பிலிருந்து குதிகால் வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்துவிட்டது போல எரியும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. நிற்க முடியாத செலக்டருக்கு எந்த ஊரிலும் மேசை இல்லை.

மனைவி முத்துமாரி ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். இரண்டரை வருடம் ஒரு சம்பளத்தில் வீட்டை ஓட்டி, அவர் முனகலையும் வசவையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவமனையின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தாள். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகும் வலி தீராதவர்களுக்கு ஓர் ஆராய்ச்சி. தண்டுவடத்தின் பக்கத்தில் மெல்லிய கம்பிகளை ஊசி வழியாக வைத்து, சின்ன மின்சாரத் துடிப்பால் வலியை மூளைக்குப் போகவிடாமல் தடுப்பது. முதலில் ஒரு வாரம் தற்காலிகக் கம்பி, பேட்டரிப் பெட்டி வெளியே இடுப்பில். அந்த வாரத்தின் கடைசி மூன்று நாளில் வலி பாதியாகவோ அதற்குக் கீழோ குறைந்திருந்தால் நிரந்தரக் கருவியை உடம்புக்குள் வைத்துவிடுவார்கள். வெளியே வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும் கருவி, ஆராய்ச்சியில் சேர்ந்தவருக்கு இலவசம்.

முதல் நாள் விவரம் எழுதியவர் இன்பசேகரன். முன்பு வார்டில் நர்ஸாக இருந்து ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் ஆனவர். வெளியே பெஞ்சில் இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"சார், வலிக்கு ஒரு நம்பர் சொல்லணும். பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல வலியே கிடையாது."

கோதண்டராமன் யோசித்தார். "பத்துன்னா ஆளே காலி. அப்படித்தானே?"

"அப்படியும் வெச்சுக்கலாம் சார்."

"ஒன்பது?"

"நீங்கதான் சொல்லணும்."

"ஒன்பதுன்னா ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வர்றது. நான் பஸ்ல வந்தேன். எட்டு போடு."

மூலையில் நின்ற முத்துமாரிக்குப் பொறுக்கவில்லை. "பஸ்ல வந்தாராம்! தம்பி, பள்ளிகொண்டா டோல்கேட்டாண்ட சீட்டுக் கம்பியைப் பல்லால கடிச்சாரு. கண்டக்டர் பயந்துட்டு வண்டியை ஓரங்கட்டச் சொன்னான்."

"கம்முனு இரு. உன்னைக் கேட்டாங்களா?"

இன்பசேகரன் எட்டு என்று பதிந்து அடுத்த கேள்விக்குப் போனார். எட்டில் பாதி நாலு. அந்தக் கணக்கு மூன்று பேருக்கும் தெரியும். படிவத்தில் தமிழில் தெளிவாகவே எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்துத்தான் கோதண்டராமன் கையெழுத்துப் போட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை டாக்டர் ரெனிட்டா கம்பிகளை வைத்தார். ஆராய்ச்சிக்குத் தலைமை அவர்தான். அதிகம் சிரிக்காதவர். பெட்டியைத் திருகியதும் எரிந்துகொண்டிருந்த காலில் சிலுசிலுவென்று ஏதோ ஓடியது. எறும்புக் கூட்டம் ஊர்வது மாதிரி, ஆனால் கடிக்காத எறும்பு. இடுப்பில் பிளாஸ்திரி, குனியக் கூடாது, குளிக்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் காலை எட்டுக்கும் சாயந்தரம் ஆறுக்கும் இன்பசேகரன் போன் செய்து எண் கேட்பார்.

செவ்வாய் ஏழு. புதன் ஆறு. வியாழன் காலை ஐந்து.

அன்றைக்குக் கோதண்டராமன் நடந்தே குர்ஷித்தின் குடோனுக்குப் போனார். குர்ஷித் பழைய சக செலக்டர், இப்போது துத்திப்பட்டு போகும் சாலையில் சொந்தமாகச் சின்ன அளவில் தோல் வாங்கி விற்கிறார். தோஸ்த் என்று கூப்பிடுவார், வாயைத் திறந்தால் குத்தல்தான்.

"வாய்யா கரன்ட் கம்பம்! இடுப்புல மீட்டர் ஓடுதா?"

"தோலை விரி."

"நிக்க முடியுமா உன்னால?"

"விரின்னு சொன்னேன்."

குர்ஷித் விரிக்கச் சொன்னார். கோதண்டராமன் நின்றார். நாற்பது தோல். ஒரு மணி ஐந்து நிமிடம். டேனரியை விட்ட பிறகு முதல்முறையாகக் கையில் சாக்கட்டி. கால் எரியாமல் இல்லை. எரிந்தது, ஆனால் அடுத்த அறையில் யாரோ சத்தம் போடுவது மாதிரி எரிந்தது. கடைசித் தோலுக்கு எண் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது குர்ஷித் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினைப் பர்மனன்டா வெச்சுகிட்டு வா. மேசை உன்னுது. மொதல் மாசமே சம்பளம். ஆனா ஒரு கண்டிஷன்."

"இன்னா?"

"என் மூஞ்சிக்கு நம்பர் போடக் கூடாது."

"அதுக்கெல்லாம் மேசை எதுக்கு? வாசல்லயே போட்டுட்டேன்."

குர்ஷித் சிரித்துவிட்டு, "அப்போ நாலுன்னு சொல்லிடு தோஸ்த். பாதி ஆகணுமாமே, முத்துமாரி சொன்னா" என்றார்.

கோதண்டராமன் கையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். சாயந்தரம் போன் வந்தபோது ஐந்து என்றார்.

அந்த வீட்டில் அப்புறம் சண்டை ஓயவில்லை. பக்கத்து வீட்டுக் கௌசர் இரண்டு முறை வந்து, குக்கர் சத்தத்துக்கு மேல் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அஞ்சுக்கும் நாலுக்கும் இன்னாய்யா வித்தியாசம்? உனக்கே தெரியுமா?"

"தெரியும். நாலுன்னா மறந்துட்டு இருக்கலாம். அஞ்சுன்னா மறக்க முடியாது."

"ஒரு மணி நேரம் நின்னியே! குர்ஷித் பாய் போன் பண்ணிச் சொன்னாரு. மறந்துட்டுத்தானே நின்ன?"

"நின்னேன். மறக்கல."

"அப்போ மறந்துட்டேன்னு சொல்லு! யாரு வந்து உன் காலுக்குள்ள எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கிறேன் இல்ல?"

முத்துமாரி சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்த விதத்தில் சாம்பார் சுவர் வரை தெறித்தது. வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் அவள் தனியாக இன்பசேகரனுக்குப் போன் செய்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு, ஆறு முறை கோதண்டராமன் ஐந்து என்றார். ஆறு முறையும் மறுமுனையில் "சரி சார்" என்று மட்டும் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை வேலூரில், அச்சடித்த தாளை இன்பசேகரன் மேசையில் வைத்தார். கீழே நோயாளியின் கையெழுத்துக்கு ஒரு கோடு. "இங்க ஒரு சைன் சார். மேடம் உள்ள இருக்காங்க. சாயந்தரமே பர்மனன்டுக்கு டேட் குடுத்துடுவாங்க."

எல்லோரும் கோட்டைப் பார்ப்பார்கள், பேனாவை எடுப்பார்கள். இவர் லாட் ஷீட்டில் இருபத்தாறு வருடம் கையெழுத்துப் போட்டவர். ஆட்காட்டி விரலை முதல் வரியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கினார். ஏழு. ஏழு. ஆறு. ஆறு. ஐந்து. ஐந்து. விரல் வெள்ளிக்கிழமையில் நின்றது. அங்கே நாலு என்று இருந்தது.

"இது யார் போட்டது?"

இன்பசேகரன் குரலைத் தாழ்த்தினார். "சார், உக்காருங்க."

"யார்டா போட்டது?"

"உங்களுக்காகத்தான் சார். நீங்க நல்லா நடக்கிறீங்க. நானே பாத்தேனே, வாசல்லேருந்து எதையும் பிடிக்காம வந்தீங்க. ஒரு நம்பருக்காக..."

"செல்வகுமாரும் கம்பெனிக்காகத்தான் பண்ணான்."

செல்வகுமார் யார் என்று இன்பசேகரனுக்குத் தெரியாது. முத்துமாரிக்குத் தெரியும். அவள் குறுக்கே வந்தாள். "நான்தான் தம்பியை எழுதச் சொன்னேன். அவரைத் திட்டாத. என்னைத் திட்டு."

கோதண்டராமன் இருவரையும் பார்க்கவில்லை. இன்பசேகரனின் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, ஆறு நாலையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐந்து எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு டாக்டர் ரெனிட்டா வெளியே வந்தார். தாளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மூணு பேரும் உள்ள வாங்க."

உள்ளே முதல் அடி இன்பசேகரனுக்கு விழுந்தது. "எத்தனை பேருக்கு இப்படி எழுதினீங்க?"

"இவர் ஒருத்தருக்குத்தான் மேடம்."

"அதை நான் எப்படி நம்பறது? இனி நீங்க எழுதின ஒவ்வொரு ஷீட்டையும் எடுத்து, ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் திரும்பப் போன் பண்ணணும். இன்னைக்கே எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதணும். நாளைக்கு இந்த மெஷின் வேலை செய்யுதுன்னு நாம சொன்னா, இல்லாத நாலை நம்பி எங்கேயோ ஒருத்தர் முதுகுல ஊசி போடுவாங்க. அது புரியுதா உங்களுக்கு?"

"ஆள் சரியாயிட்டாரு மேடம். நம்பர்தான் தப்பா இருக்கு."

டாக்டர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரைத் திருப்பி முதல் நாள் பக்கத்தைத் திறந்தார். "கோதண்டராமன், அன்னைக்கு எட்டு சொல்லியிருக்கீங்க. எதை வெச்சு எட்டு?"

அவர் சொன்னார். பஸ், ஸ்ட்ரெச்சர், ஆளே காலி, எல்லாம்.

"தூக்கம் இருந்துச்சா அப்போ?"

"இல்ல."

"சாப்பாடு?"

"நின்னுகிட்டு ரெண்டு வாய்."

"கம்பியைக் கடிச்சாரு மேடம்" என்றாள் முத்துமாரி. "ஒருநாள், இந்தக் காலை வெட்டிப் போடுன்னு அரிவாள்மணையைக் காட்டினாரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வலிக்கு யாரைக் கேட்டாலும் பத்து சொல்வாங்க. உங்களை விடக் கம்மியா இருக்கிறவங்க எல்லாம் பத்து சொல்லியிருக்காங்க." பிறகு இன்பசேகரன் பக்கம் திரும்பி, "பத்துன்னா ஆளே காலியான்னு கேட்டப்போ, ஆமாம்னு சொன்னீங்களா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்னு சொன்னேன் மேடம்."

பத்திலிருந்து ஐந்து என்றால் சரிபாதி. அறையில் இருந்த நாலு பேருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. முத்துமாரி அழ ஆரம்பித்தாள்.

"கேளுங்க" என்றார் டாக்டர். "பழைய நம்பரை நான் தொட முடியாது, அது பூட்டின கணக்கு. ஆனா கமிட்டிக்கு எழுதலாம். அளவைச் சரியா விளக்கலை, அதனால பேஷன்ட் தவறா சொல்லிட்டாருன்னு. நீங்க கையெழுத்துப் போடணும். அவங்க ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். எனக்கு நம்பிக்கை இருக்கு. கம்பியை எப்படியும் இன்னைக்கு எடுத்தாகணும், ஏழு நாளுக்கு மேல வெச்சா சீழ் பிடிக்கும். அதை எடுக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கடிதம் ஃபைலோட போகணும். எடுத்த பிறகு எழுதினா, வலி வந்ததும் பேச்சை மாத்தினார்ன்னு சொல்லுவாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் டைம்."

கடிதம் பத்து நிமிடத்தில் அச்சாகி வந்தது. தமிழில், ஆறு வரி. மூன்றாவது வரி: 'முதல் நாள் நான் கூறிய எட்டு என்ற எண் தவறானது.'

கோதண்டராமன் அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். முத்துமாரி உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. சுவரில் சாயாமல், இரண்டு காலிலும் எடை போட்டு நின்றார். பத்தேகால் மணி.

"போடு."

"படிக்கிறேன்."

"ஆறு வரியை எத்தனை தரம் படிப்ப? போடு."

"தப்புன்னு எழுதியிருக்கு."

"தப்புதான்யா! அந்தத் தம்பி ஒழுங்காச் சொல்லல, நீ ஒழுங்காக் கேக்கல."

"நான் ஒழுங்காத்தான் கேட்டேன். அவன் சொன்ன அளவுக்கு எட்டுதான். நான் நின்னேன், நடந்தேன், பஸ் ஏறினேன். எப்படி அது கடைசி நம்பர் ஆவும்?"

"உன் கடைசி நம்பர் எது? சாவா?"

"அவன் அப்படித்தானே சொன்னான்."

முத்துமாரி எழுந்து அவர் முகத்துக்கு நேராக வந்தாள். "இதோ பாரு. இப்போ நிக்கற பாரு, அரை மணி நேரமா. இந்த நிக்கறதுக்குத்தான் கையெழுத்து. வேற எதுக்கும் இல்ல."

"தப்புன்னு எழுதிக் குடுத்தா, அன்னைக்கும் நான் தப்புதான். அந்தக் காகிதத்துலயும் இதேதான் எழுதியிருந்துச்சு."

"செல்வகுமார் இப்போ கார்ல போறான்யா! பாகாயத்துல வீடு கட்டிட்டான். நீ அவன்கிட்ட ஜெயிக்கிறதுக்கு என் உசுரை எடுக்கிற. இரண்டரை வருஷமா காலையில ஷிப்ட், சாயந்தரம் உன் கால். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்காகத் தப்புன்னு சொல்ல மாட்டியா?"

ஒரு நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். முத்துமாரி அவளையும் ஏதோ சொன்னாள். பதினொன்றே முக்கால் வரை கோதண்டராமன் நின்றார். ஒன்றரை மணி நேரம். நின்ற நேரத்தை அவரும் கணக்கு வைத்திருந்தார், சுவர்க் கடிகாரத்தை நாலைந்து முறை பார்த்ததை முத்துமாரி கவனித்தாள். ஒருமுறை பேனாவின் மூடியைக் கூடத் திறந்தார்.

பிறகு டாக்டர் அறைக்குள் போய்க் கடிதத்தை மேசையில் வைத்தார். கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது. வலது மூலையில் பேனாவால் ஆறு என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"ஏழு போடல மேடம். நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க. ஆனா இதுல என் வேலை தப்புன்னு இருக்கு. அதை நான் எழுத மாட்டேன். அவன் அளவைத் தப்பாச் சொன்னான்னு மட்டும் போடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அதைத்தான் இன்னொரு விதமா எழுதியிருக்கேன். அளவு தப்புன்னா நம்பரும் தப்புதான். நம்பர் சரின்னு நீங்களே சொன்னா நான் எதை மாத்தச் சொல்லிக் கேக்கறது?"

"அது உங்க பாடு மேடம். அவன் குடுத்த அளவுக்கு நம்பர் சரி."

டாக்டர் ரெனிட்டா கடிதத்தைத் தள்ளி வைத்தார். கோபம் இப்போது முகத்தில் நன்றாகவே தெரிந்தது. "பதினாலு வருஷமா வலியை அளக்கறேன். பொய் சொல்ற பேஷன்ட்டைச் சமாளிச்சுடுவேன். உங்களை மாதிரி ஒருத்தர் வந்தா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல." மணியை அடித்தார். "டேபிள் ரெடி பண்ணுங்க."

கம்பியை எடுக்க நாலு நிமிடம்தான் ஆனது. இழுத்தபோது வலிக்கவேயில்லை. காலில் எறும்புகள் அப்போதே நின்றுபோயின. பஸ் மாதனூர் தாண்டும்போது, இடுப்பிலிருந்து குதிகால் வரை அந்தப் பழைய வலிக் கம்பி மறுபடி சூடேறத் தொடங்கியது அவருக்குத் தெரிந்தது. முத்துமாரி மூன்று சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவர் முன்சீட்டுக் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டார். கடிக்கவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்ததால்.

இன்பசேகரனை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குர்ஷித் இரண்டு வாரம் மேசையைக் காலியாக வைத்திருந்து, பிறகு ஆம்பூர் பஜாரில் கோதண்டராமன் காதுக்குப் போகும்படியாகவே சொன்னார்: "அவனுக்கு வேலை வேணாம், தீர்ப்பு சொல்லணும். அதுக்குக் கோர்ட்டுக்குப் போகட்டும்." மேசைக்கு வேறு ஆள் வந்தான்.

ஒரு மாதம் கழித்து, காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. புதுக் குரல். "சார், நான் பொன்மலர், வேலூர்லேருந்து பேசறேன். கருவி வைக்காதவங்களையும் ஒரு வருஷம் கேக்கணும், படிவத்துல இருக்கு. வலிக்கு ஒரு நம்பர் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு படிச்சுக் காட்டணும், புதுசா சேத்திருக்காங்க." காகிதம் புரளும் சத்தம். "பத்து என்றால் உயிர் போகும் நிலை என்று பொருள் அல்ல. நீங்கள் நடந்தோ பஸ்ஸிலோ வந்திருந்தாலும் உங்கள் வலி பத்தாக இருக்கலாம்."

கோதண்டராமன் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முந்தைய இரவு விடியும்வரை கண் மூடவில்லை.

"யாரு எழுதினது அதை?"

"மேடம்தான் சார். எல்லாருக்கும் படிக்கறோம். நம்பர் சொல்லுங்க சார்."

முத்துமாரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடிய கை அப்படியே நின்றது.

"எட்டு."

அவள் ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். "பத்து போடும்மா! நான் பக்கத்துலேருந்து பாத்துகிட்டு இருக்கேன். நேத்து முழுக்கக் கத்தினாரு. பத்து, பன்னெண்டு, இருக்கிறது எல்லாம் போடு!"

"போனைக் குடு. செலக்டர் யாரு, நானா நீயா?"

"அம்மா, மன்னிச்சுக்கங்க" என்றது அந்தக் குரல். "பேஷன்ட் சொல்றதைத்தான் எழுதணும்."

கோதண்டராமன் கை நீட்டிப் போனை வாங்கினார். "எழுதிட்டியா? எழுதினதைப் படிச்சுக் காட்டு."

"எட்டு சார்."

"சரி."

கம்பியை எடுத்த நாளிலிருந்து முத்துமாரி அவருடைய மதியச் சோற்றைப் பாய்க்குப் பக்கத்தில், கைக்கெட்டும் ஸ்டூலின் மேல் மூடி வைத்துவிட்டுப் போவது வழக்கம். இன்றும் வைத்திருந்தாள். இப்போது அந்தத் தட்டை எடுத்தாள். சமையல் மேடைக்கு மேலே, பாத்திரங்கள் அடுக்கிய உயரமான பலகையில் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீர்ச் சொம்பையும் அங்கேயே வைத்தாள்.

"எட்டுதானே? பஸ்ல போற ஆளு. எழுந்து எடுத்துத் தின்னு."

கதவை இழுத்துச் சாத்திய சத்தத்தில் கௌசர் எட்டிப் பார்த்தாள். கம்பெனி வேன் ஹாரன் அடித்துப் போனது. கோதண்டராமன் பாயிலிருந்து பலகையைப் பார்த்தார். உயரம் ஆறடி இருக்கும். ஒருவேளை ஐந்தரை. சரியாகச் சொல்ல வேண்டுமானால் எழுந்துதான் பார்க்க வேண்டும்.